கொக்கிக்கு ஏற்ற வளையம்

கம்பைத் தரையில் ஊன்றி, இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் டிரெய்லரின் வளையத்தைப் பார்க்கிறார் என் பக்கத்து வீட்டுக்காரர். கம்பு என்றால் பெரிய கருவி ஒன்றுமில்லை, பழைய ஒட்டடைக் கம்பு. நுனியில் இருந்த குச்சத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டு, தன் லாரியின் பின்கொக்கி இருக்கும் உயரத்தில் சிவப்பு டேப்பைச் சுற்றி வைத்திருக்கிறார். வளையம் டேப்புக்கு நேராக இருந்தால் டிரெய்லர் பாஸ். இல்லாவிட்டால் பெயில். பழைய வண்டிக் கடைக்காரர் எழுந்து வந்து வணக்கம் சொன்னார். இவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. இப்போது கண்ணை மாற்றிப் பார்க்கிறார்.

"உசரம்."

"எவ்வளவு சார் உசரம்? கொஞ்சம்தானே?"

"ஒரு சாண்."

"ஒரு சாணுக்குப் போயி வேணாங்கறீங்களே! இதுவும் பட்டாளத்து வண்டி சார். உங்க லாரிக்குக் கூடப் பொறந்த மாதிரி. நல்லா இழுக்கும்."

"இழுக்கறது என் லாரி வேலை. இதோட வேலை நிக்கறது. வளையம் உசரமா இருந்தா மூக்கைக் கீழ அமுக்கித்தான் கொக்கில மாட்டணும். சமதளத்துல ஒண்ணும் தெரியாது. இறக்கத்துல பாரம் மொத்தமும் முன்னாடி சாஞ்சு என் முதுகுல ஏறும். அப்ப நான் பிரேக் போட்டா நிக்குமா?"

கேட்டீர்களா, அந்த 'நிக்குமா'வை? எங்கள் தெருவில் அதுதான் அவர் பெயர். வாய்க்கு வாய் அதையே கேட்பார். பக்கத்து வீட்டில் புது ஸ்கூட்டர் வாங்கினால், எவ்வளவு ஓடும் என்று எல்லோரும் கேட்பார்கள்; இவர் மட்டும் "நிக்குமா?" என்பார். மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்த பெண் வீட்டாரிடமும், "நல்ல பையன்தான், சரி, நிக்குமா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர். தெருப்பிள்ளைகள் முகத்துக்கு நேரே 'நிக்குமா மாமா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவரும் திரும்பிப் பார்க்கிறார்.

நான் அடுத்த வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். என் ஜன்னலுக்கு நேர் கீழே அவருடைய முற்றம். முற்றத்தில் அந்த லாரி. ராணுவத்தில் கனரக வண்டி ஓட்டியவர், ஓய்வு பெற்றதும், தான் ஓட்டிய அதே வகை லாரி ஒன்று ஏலத்துக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு ஓடிப்போய் எடுத்துவந்தார். ஒவ்வொரு டயரும் என் மார் உயரம். எல்லாச் சக்கரமும் சேர்ந்து இழுக்கும். சேறு, மணல், மேடு எதையும் மதிக்காது. காலையில் அவர் அதைக் கிளப்பினால் என் மேசைமேல் இருக்கும் டீக் கிளாஸ் தானாக ஓரத்துக்கு நடந்து போகும். மனுஷன் நிம்மதியாக ஒரு வாய் டீ குடிக்க முடியாது. புகார் சொல்லப் போனால், "டீசல் வண்டி அப்படித்தாங்க, கிளாஸை நடுவுல வைங்க" என்று எனக்கே புத்தி சொல்லி அனுப்பினார்.

அவர் மனைவி லாரியை 'மூத்தவ' என்பார். "எனக்கு முன்னாடியே இவர் வாழ்க்கைல வந்தவ. நான் இளைய தாரம்தான். எனக்குத் தலைவலின்னா ஒரு மாத்திரை எடுத்துக் குடுக்க ஆளில்ல. அவளுக்கு மட்டும் வாராவாரம் தலைமுழுக்கு!" உண்மைதான். வாரம் தவறாமல் ஹோஸைப் பிடித்துக்கொண்டு சோப்பு நுரை தெருவுக்கு வரும்வரை குளிப்பாட்டுவார். லாரியை நிறுத்துவதும் எப்போதும் அதே இடத்தில்தான், சக்கரம் இம்மி பிசகாது. வெளியே போய்விட்டு வந்தால் பின்பக்கமாகவே ஓட்டிவந்து, கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து, பழைய தடத்திலேயே கொண்டுவந்து உட்கார வைப்பார். "பட்டாளத்துப் பழக்கம்" என்பார் பெருமையாக.

இன்னொரு பழக்கமும் உண்டு. உட்காரும்போது அவருடைய வலது பாதம் தரையை அழுத்திக்கொண்டே இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தாலும் சரி, கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தாலும் சரி, அந்தக் கால் பிரேக்கின் மேல்தான். தெருவில் ஏதாவது வண்டி வேகமாக வந்தால் போதும், பாதம் இன்னும் அழுந்தும். செருப்பில்கூட வலது கால் முன்பகுதி மட்டும் தேய்ந்து ஓட்டையாகியிருக்கும். சம்மணம் போட்டு உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. "கீழ உக்காந்து சாப்பிடச் சொன்னா, ஒரு காலை மடிச்சு ஒரு காலை நீட்டித்தான் உக்காருவார். நீட்டின காலை நாங்க எல்லாரும் தாண்டித் தாண்டிப் போகணும்" என்பார் மனைவி.

ஏன் என்று ஒருநாள் கேட்டேன். சுற்றி வளைக்காமல் சொன்னார். "மலைப்பாதையில என் முன்னாடி கூட்டாளி ஒருத்தன் வண்டி ஓட்டிட்டுப் போனான். பின்னாடி மாட்டியிருந்த டிரெய்லர் அவன் வண்டிக்கு ஏத்தது இல்ல. அவசரத்துக்குக் கெடச்சதை மாட்டி அனுப்பிட்டாங்க. இழுக்கறதுக்கு ஒரு குறையும் இல்லீங்க, ஜம்முனு இழுத்துச்சு. இறக்கத்துல பிரேக் போட்டான். லாரி நிக்கப் பாத்துச்சு, டிரெய்லர் நிக்கல. தள்ளிட்டே போயிருச்சு. நான் பின்னாடி உக்காந்துட்டு என் பிரேக்கை மிதிக்கறேன், மிதிக்கறேன்... அவன் வண்டி எங்க நிக்கும்?" கூட்டாளி பிழைத்துக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லையாம்.

அப்படிப்பட்டவருக்கு இப்போது டிரெய்லர் தேவைப்பட்டது. காரணம் அவருடைய தங்கை.

தங்கை ஆற்றங்கரையில் தனியாக இருக்கிறார், தையல் வேலை. அவர் வீடு மரவீடு. ஒரு காலத்தில் ஏதோ பாலம் கட்டும்போது அலுவலகமாக இருந்து, வேலை முடிந்ததும் கைவிடப்பட்டது. அவரும் அவர் கணவரும் அதை வாங்கி, ஜன்னல் வைத்து, வண்ணம் அடித்து வீடாக்கினார்கள். கணவர் போன பிறகும் அங்கிருந்து அசையவில்லை. சமீபமாக ஆறு கரையைத் தின்ன ஆரம்பித்துவிட்டது. மழைக்காலம் வந்தால் வீடு ஆற்றோடு போய்விடும் என்பது பார்த்தவர் எல்லோருக்கும் தெரியும். "வந்துடும்மா, நம்ம வீட்டுல இரு" என்று அண்ணன் கெஞ்சினார். "வீடு வந்தா நானும் வர்றேன். வீடு போனா நானும் போறேன்" என்று சொல்லிவிட்டார் தங்கை. பிடிவாதம் அந்தக் குடும்பச் சொத்து போலிருக்கிறது.

வீடு இரும்புச் சட்டத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது; கிரேனால் தூக்கிவிடலாம். அதை ஏற்றிவர ஒரு டிரெய்லர் வேண்டும். ஆற்றங்கரைப் பாதை சேறும் பள்ளமுமாக இருக்கிறது, சாதாரண லாரி போனால் புதைந்துவிடும். மூத்தவள் போவாள். ஆனால் மூத்தவள் பின்னால் எது வருவது? அதுதான் கேள்வி. ஆற்றிலிருந்து ஊருக்கு வரும் வழியில் ஒரு பெரிய மேடு இருக்கிறது. ஏறுவது பெரிதில்லை, அப்புறம் இறங்க வேண்டும்.

"இவர் தனியாப் போனா சண்டை போட்டுட்டு வந்துடுவார், நீங்க கொஞ்சம் கூடப் போங்க" என்று அவர் மனைவி என்னைக் கேட்டுக்கொண்டார். சத்தம் போடாமல் லாரியைக் கிளப்பக்கூட மாட்டாத மனுஷனுடன் நான் எதற்குப் போக வேண்டும்? ஆனாலும் போனேன். தங்கையின் போன் பேச்சுகள் ஜன்னல் வழியாக என் காதிலும் விழுந்துகொண்டுதானே இருந்தன.

"அண்ணே, துணிக்கொடிக் கம்பம் போயிருச்சு."

சில நாள் கழித்து, "அண்ணே, கொய்யாமரம் சாஞ்சிருச்சு. காயெல்லாம் மீனுக்குத்தான்."

அதையும் சிரித்துக்கொண்டே சொல்வார் அந்தம்மாள். இங்கே அண்ணனின் வலது பாதம் தரையை அழுத்தும்.

அந்தப் பழைய வண்டிக் கடையில் பார்த்தோமே, அந்த டிரெய்லரை அவருக்கு எவ்வளவு பிடித்திருந்தது தெரியுமா? மூத்தவளுக்கு இருக்கும் அதே டயர். ஒன்று பஞ்சரானால் இதிலிருந்து அதற்கு மாற்றிக்கொள்ளலாம். சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலமும் அதுவே. முன்னால் லாரி சேற்றில் போட்ட தடத்திலேயே பின்னால் இதுவும் வரும். லாரியிலிருந்து டிரெய்லர் பிரேக்குக்குக் காற்று கொண்டுபோகும் இரண்டு ஹோஸ்களும் கச்சிதமாகப் பொருந்தும் வகை. ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து முகம் மலர்ந்துகொண்டே வந்தவர், கடைசியில் கம்பை ஊன்றினாரோ இல்லையோ, முகம் தொங்கிப்போயிற்று. போகிற போக்கில் கடைக்காரரிடம், "பட்டாளத்து வளையம் இவ்ளோ உசரத்துல இருக்காது. எவனோ வெட்டி மாத்தி ஒட்டியிருக்கான்" என்று வேறு சொல்லிவிட்டார்.

கடைக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என் கடைல வெட்டு ஒட்டு கெடையாது சார்! இது பொறக்கும்போதே இருந்த வளையம். வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க, என் சரக்கை நொட்டை சொல்லாதீங்க!"

"நொட்டையை நொட்டைன்னுதான் சொல்லணும்."

நான் நடுவில் புகுந்து அவரைக் கையைப் பிடித்து இழுத்துவர வேண்டியதாயிற்று.

பிறகு எங்கெல்லாம் அலைந்தோம்! ஒரு டிரெய்லரின் வளையம் சரியாகச் சிவப்பு டேப்புக்கு நேராக இருந்தது. ஆனால் அதற்குத் தனி பிரேக்கே இல்லை. இன்னொன்றில் பிரேக் இருந்தது, சக்கரம் சின்னது, சேற்றில் இறங்கினால் படுத்துவிடும். வேறொன்றைப் பார்த்து நானே அசந்துபோனேன், பளபளவென்று புதிது. "இது சாமான் ஏத்தறதுக்கு இல்லீங்க, கண்காட்சிக்கு" என்று திரும்பிவிட்டார். ஒருநாள் பொறுக்க முடியாமல், "ஒரு அளவு டேப் வாங்கி எண்ணைக் குறித்துக்கொள்ளலாமே, இந்த ஒட்டடைக் கம்பை எதற்குச் சுமக்கிறீர்கள்?" என்றேன். "நம்பர் மறந்துபோகும். கம்பு மறக்காது. நேரா மூத்தவ கொக்கிகிட்ட நிறுத்தி, நானே என் கையால சுத்தின டேப்பு இது" என்றார்.

அப்புறம் ஒரு காலையில் போன் வந்தது. இந்தமுறை தங்கை சிரிக்கவில்லை. "அண்ணே, குளியலறை போயிருச்சுண்ணே. மேகம் வேற கருக்குது."

போனை வைத்தார். பிறகு எழுந்தார். "வீட்டை விட்டுடுவோம். தையல் மிஷினையும் துணிமணியையும் லாரில ஏத்திட்டு, அவளைத் தூக்கிட்டாவது வந்துடலாம்." அவருக்காக நான் முதன்முதலாக வருத்தப்பட்டது அன்றைக்குத்தான். தங்கை வரமாட்டார் என்று எங்கள் மூவருக்குமே தெரியும்.

மூவரும் லாரியில் ஏறினோம். ஊர் எல்லையில் டீசல் போட நின்றோம். மூத்தவளுக்கு வயிறு நிறைய நேரம் பிடிக்கும். உட்காரும் இடத்தில் கம்பு இடித்துக்கொண்டிருந்ததால், மனைவி அதையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, கால் வலிக்க அங்குமிங்கும் நடந்தார். பங்க்கின் சிமென்ட் தரை வழவழவென்று சமமாக இருந்தது. நடந்தவர் லாரியின் பின்பக்கம் போய், கம்பைக் கொக்கியோடு சாய்த்துவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். துடைத்த கை அப்படியே நின்றது.

"என்னங்க," என்று கூப்பிட்டார். "மூத்தவ வளந்திருக்காளா?"

"என்ன உளர்றே?"

"வந்து பாருங்க. டேப்பு கீழ கெடக்கு, கொக்கி மேல போயிருச்சு."

இறங்கிப் போனார். நானும் போனேன். கம்பை அவரே நேராக ஊன்றினார். இடது கண்ணை மூடினார், வலது கண்ணை மூடினார், இரண்டையும் திறந்து பார்த்தார். சிவப்பு டேப் கொக்கிக்கு ஒரு சாண் கீழே இருந்தது. லாரியைச் சற்று முன்னால் நகர்த்தி மறுபடி அளந்தார். அதே ஒரு சாண். பங்க் ஆள் டீசல் குழாயைப் பிடித்துக்கொண்டு எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"கம்பு சுருங்குமா?" என்றார் பரிதாபமாக.

மனைவிதான் நெற்றியில் அடித்துக்கொண்டார். "கம்பு சுருங்கலங்க! நீங்க அளந்தது எங்க? நம்ம வீட்டு முத்தத்துல. வாராவாரம் அவளுக்குத் தலைக்கு ஊத்தறீங்களே, அந்தத் தண்ணியெல்லாம் எங்க போகும்? திரும்புங்க வீட்டுக்கு!"

திரும்பினோம். முற்றத்தில் லாரி நிற்காத நேரத்தில் அவர் அங்கே நின்று பார்த்ததே இல்லை போலிருக்கிறது. போகும்போது ஸ்டியரிங்கில் இருப்பார். வரும்போதும் ஸ்டியரிங்கில் இருப்பார். இப்போது மூவரும் நின்று பார்த்தோம். பின்சக்கரங்கள் நிற்கும் இடத்தில், இருபுறமும், தொட்டி மாதிரி இரண்டு பள்ளம். சோப்புத் தண்ணீர் தேங்கியிருந்தது. ஒரு பூனை அதில் வாய் வைத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு போயிற்று. கம்பைப் பள்ளத்துக்குள் விட்டார். ஒரு சாண் உள்ளே போயிற்று.

அவர் குளிப்பாட்டிக் குளிப்பாட்டி மண் இளகி, மூத்தவள் நாளுக்கு நாள் கீழே இறங்கியிருக்கிறாள். பள்ளத்துக்குள் நின்ற லாரியைப் பார்த்து மேட்டில் ஊன்றி அளந்த கம்பை வைத்துக்கொண்டு, எல்லாம் பொருந்திய அந்த ஒரு டிரெய்லரைப் போய் உயரம் என்று தள்ளிவிட்டிருக்கிறார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த கணமே, "அப்ப அந்த வளையம்..." என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். "அந்தக் கடைக்காரன் வளையம் சரியாத்தான் இருந்திருக்கு! அதை வித்திருப்பானோ?"

போன் போட்டால் கடைக்காரர் எடுக்கவில்லை. ஓடினோம். அந்தப் பெரிய லாரி அவ்வளவு வேகமாகப் போகும் என்று எனக்குத் தெரியாது. கடைக்குள் நுழைந்தோம். டிரெய்லர் நின்ற இடம் காலி. வெயில் படாமல் வெளுத்துப்போன புல் மட்டும் நீளமாகக் கிடந்தது. அவர் இறங்கவே இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அந்தப் புல்லையே பார்த்தார்.

கடைக்காரர் உள்ளேயிருந்து வந்தார். "என்ன சார், மறுபடி நொட்டை சொல்ல வந்தீங்களா?"

"டிரெய்லர்...?"

"ஒருத்தர் வந்து மாட்டிப் பாத்தார். அவர் லாரி குட்டை, கொக்கி வளையத்துக்கு எட்டலைன்னு விட்டுட்டுப் போயிட்டார். எடத்தை அடைக்குதேன்னு பின்னாடி தள்ளி வச்சிருக்கேன். இந்த ஊர்ல அவ்ளோ உசரக் கொக்கி எவன்கிட்ட இருக்கு? உங்களைத் தவிர?"

அப்பாடா! என் வாயிலிருந்துதான் அது வந்தது. அவர் மனைவி என் கையை எட்டிப் பிடித்து அழுத்தினார். பிறகுதான் அது நான் என்று நினைவு வந்து கையை விட்டார்.

கடைக்காரர் லேசில் விடுவதாயில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "வளையம் உசரமாச்சே சார்? எவனோ வெட்டி ஒட்டினதாச்சே?" என்றார்.

இவர் லாரியிலிருந்து இறங்கினார். அந்தக் கடைக்காரர் முன்னால் போய் நின்று, பட்டாளத்தில் நிற்பது மாதிரியே நிமிர்ந்து நின்று சொன்னார்: "வளையம் சரியாத்தான் இருக்கு. நான்தான் பள்ளத்துல நின்னு அளந்துட்டேன். தப்பு என் மேல. மன்னிச்சுக்குங்க."

கடைக்காரர் அதை எதிர்பார்க்கவில்லை. "அட, விடுங்க சார்" என்று அவரே போய் மேலே கிடந்த தார்ப்பாயை இழுத்துப் போட்டார்.

மூத்தவள் பின்னால் வந்தாள். வளையம் கொக்கிக்குள் போய் உட்கார்ந்தது. யாரும் அழுத்தவும் இல்லை, தூக்கவும் இல்லை. இரண்டு ஹோஸ்களையும் மாட்டியதும் காற்று உஸ்ஸென்று பாய்ந்தது.

மழை முந்திக்கொள்ளவில்லை. கிரேன் வீட்டைத் தூக்கியபோது அடியில் இருந்த மண் பாளம் பாளமாக ஆற்றுக்குள் சரிந்தது. தங்கை கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஏதோ வெளியூர் போகிறவர் மாதிரி நின்றார். "அண்ணி, அடுப்பை அணைச்சேனா?" என்று வேறு கேட்டார். சேற்றுப் பாதையில் லாரி போட்ட தடத்திலேயே டிரெய்லர் பிசகாமல் வந்தது. அந்த ஆளின் கம்பை எவ்வளவு கேலி செய்தேனோ, அவ்வளவும் மனதுக்குள் திரும்ப வாங்கிக்கொண்டேன். டிரெய்லர் விஷயத்தில் அவர் பார்த்தது எல்லாம் சரி, நின்ற இடம் மட்டும்தான் தப்பு.

மேட்டின் உச்சியில் நிறுத்தினார். இறங்கிப்போய்க் கயிறுகளை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார். முன் இருக்கையில் அவர் மனைவியும் தங்கையும் நானும் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இறக்கம் கண்ணெதிரே நீண்டு கிடந்தது.

இறங்கினோம். பாதி இறக்கத்தில், தேவையே இல்லாமல், வேண்டுமென்றே பிரேக்கை மிதித்தார். காற்று சீறியது. லாரி நின்றது. பின்னாலிருந்து இடியோ தள்ளலோ எதுவும் வரவில்லை. அவர் கண்ணாடியில் பார்த்தார். தங்கையின் வீடு, ஜன்னல் திரை ஆடிக்கொண்டிருக்க, அசையாமல் நின்றது.

"நின்னுடுச்சு," என்றார்.

அந்தச் சொல்லைக் கேள்வியாக அல்லாமல் அவர் வாயிலிருந்து கேட்டது அதுதான் முதல் தடவை. மனைவி சிரித்தார். தங்கை சிரிக்க ஆரம்பித்து அழுதுவிட்டார்.

இப்போது வீடு அவருடைய முற்றத்தின் மறுகோடியில், என் ஜன்னலுக்கு நேராக இருக்கிறது. தூரத்தில் தெரிந்த கொஞ்சம் வானமும் எனக்குப் போயிற்று. பதிலுக்குத் தையல் மிஷின் சத்தம் கிடைத்திருக்கிறது. முற்றத்துப் பள்ளத்தில் கல்லும் மண்ணும் போட்டு நிரப்பியாயிற்று. ஒட்டடைக் கம்பு தங்கையின் துணிக்கொடி தொய்யாமல் முட்டுக் கொடுத்து நிற்கிறது. சிவப்பு டேப் இன்னும் அதில் இருக்கிறது. மழை வலுத்துப் பெய்து, அந்தப் பழைய கரையே இல்லாமல் போய்விட்டது என்று சேதி வந்தது.

சேதி வந்த அன்று மாலை எனக்கும் டீ வந்தது. தங்கையின் வீட்டு வாசலில் ஒரு அகலமான பெஞ்சு. அவர் அதில் வந்து உட்கார்ந்து கிளாஸை வாங்கிக்கொண்டார். தங்கை உள்ளே தைத்துக்கொண்டிருந்தார். "அங்கயே இருந்திருந்தா தைச்ச துணியெல்லாம் ஆத்தோட போயிருக்கும், நல்லவேளை" என்று மனைவி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். தெருவில் ஒரு பஸ் கிறீச்சென்று பிரேக் அடித்தது. நான் அனிச்சையாக அவர் பாதத்தைப் பார்த்தேன்.

அவர் பஸ்ஸைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, ஓட்டைச் செருப்பைக் கழற்றிப் போட்டு, வலது காலையும் மேலே தூக்கி மடக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டார்.